முதல் மூணு மாசம் வீட்டுப் பிள்ளையா இருங்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல வெளிநாட்டுக்கு வாலண்டியரா போனவங்க, போகப் போறவங்க, பிள்ளைய அனுப்பிட்டு வீட்டுல தவிக்கறவங்கன்னு ஒரே விஷயமா நிறைய சேந்துடுச்சு, அதுலயும் கென்யா போன நம்ம சென்னை பசங்களோடது தான் ஜாஸ்தி. நானும் மேற்கு கென்யால தங்கி வேலை பாத்தவ, இப்போ இங்கேந்து கிளம்பறவங்களுக்கு வகுப்பு எடுக்கறவ, அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க, ஏரியா மட்டும் போட்டிருக்கேன்.

அக்கா, நான் கொளத்தூர். 24 வயசு. ஒரு தொண்டு நிறுவனம் மூலமா டீச்சர் வாலண்டியரா கென்யா வந்திருக்கேன். இப்போ ட்ரெயினிங், ககமேகா பக்கத்துல ஒரு கிராமத்துல ஹோஸ்ட் ஃபேமிலியோட இருக்கேன். ஊர்ல எட்டாங்கிளாஸுக்கு கணக்கு எடுத்தவ, இங்க தண்ணி வேணும்னு கேக்க கூட வாய் வரல. நான் துணி துவைக்கறத பாத்து வீட்டு சின்னப் பொண்ணு சிரிக்கறா. எனக்கே ஒண்ணும் தெரியல, நான் யாருக்கு உதவப் போறேன்? ரூம விட்டு வெளிய வரவே பிடிக்கல.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, இப்போதைக்கு நீ யாருக்கும் உதவ வேண்டாம். ட்ரெயினிங் மாசங்க முழுக்க உனக்காக வச்சது. வாலண்டியர்கள வெளிநாட்டுக்கு அனுப்பற அமெரிக்க அரசு அமைப்பு பீஸ் கோர் 1961ல ஆரம்பிச்சது, அவங்க ஆளுங்க மொத்தம் 27 மாசம் போறாங்க, அதுல முதல் மூணு மாசம் கிட்ட ட்ரெயினிங் தான், அதுவும் பெரும்பாலும் உள்ளூர் குடும்பத்தோட தங்கி. இவ்வளவு வருஷ அனுபவம் இருக்கறவங்களே மூணு மாசம் ஒதுக்கறாங்கன்னா அது சும்மா இல்ல. கொளத்தூர்ல நீ டீச்சர், அங்க அந்த வீட்டுக்கு புதுசா வந்த புள்ள, அவ்வளவு தான். தண்ணி எப்படி மொள்ளணும், துணிய எங்க காயப்போடணும், பெரியவங்க வந்தா எப்படி கை குடுக்கணும், எல்லாத்தையும் அவங்க சொல்லிக்குடுத்து நீ கத்துக்கணும். உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லி தான் அந்த குடும்பத்துல விட்டிருப்பாங்க, அதனால நீ தடுமாறினா அவங்களுக்கு அதிர்ச்சியே இருக்காது, உனக்கு மட்டும் தான் அது அவமானமா தெரியுது.

ரூம விட்டு எழுந்து சமையல் கட்டுக்கு போ. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போனா உகாலி கிண்டிட்டு இருப்பாங்க. சுஃபூரியான்னு சொல்ற கைப்பிடி இல்லாத அலுமினிய பாத்திரத்துல தண்ணி தளதளன்னு கொதிக்கும், வெள்ளை மக்காச்சோள மாவ கை கையா போட்டு மரத்துடுப்பால ஓரத்துல அழுத்தி அழுத்தி திருப்பணும், உப்பு கிடையாது, நம்ம களி கிண்டற வேலையே தான். கெட்டியாக ஆரம்பிச்சதும் உன் மணிக்கட்டு விட்டுடும், அப்போ வீட்டம்மா துடுப்ப வாங்கி நாலு திருப்பு திருப்பிட்டு மறுபடி உன் கையில குடுப்பாங்க. அந்த பத்து நிமிஷத்துல கொண்டா, கிண்டு, போதும், தீய குறை, இன்னும் கொஞ்சம்னு எத்தனை வார்த்தை காதுல விழும் பாரு, வேலை செஞ்சுக்கிட்டே கேட்ட வார்த்தை மறக்காது. வகுப்புல நோட்டுல எழுதினது மறுநாளே போயிடும்.

இன்னொரு விஷயம் உன் ட்ரெயினர் சொல்லாம விட்டிருக்கலாம். உனக்கு வகுப்புல சொல்லிக்குடுக்கறது அந்த நாட்டுப் பொது மொழி சுவாஹிலி, ஆனா ககமேகா பக்கம் வீட்டுக்குள்ள பேசறது லூயா மொழி. காலைல படிச்ச ஒரு வார்த்தை கூட சாயங்காலம் வீட்டுல கேக்கலன்னா உன் காதுல கோளாறு இல்ல, அங்க ஓடறதே வேற மொழி. அதுக்கு மேல, ஸ்கூல்ல பாடம் இங்கிலீஷ்ல நடக்கற நாடு அது, அதனால நீ திணறினா உடனே எல்லாரும் இரக்கப்பட்டு இங்கிலீஷுக்கு மாறிடுவாங்க, நீ கத்துக்கவே முடியாது. சாப்பாட்டு நேரத்துல மட்டும் என்கிட்ட சுவாஹிலில பேசுங்கன்னு நீயே கேளு. காலைல எழுந்ததும் 'முலெம்பே'ன்னு லூயால வணக்கம் சொல்லிப் பாரு, அந்த வீட்டுப் பாட்டி உன்கிட்ட பேசற தோரணையே மாறும்.

சிரிக்கிற அந்த சின்னப் பொண்ண விட்டுடாத, வீட்டுல உனக்கு கிடைச்ச நல்ல வாத்தியார் அவ தான். பெரியவங்க ஒரு வார்த்தைய மூணு தடவ சொன்னா அலுத்துடுவாங்க, குழந்தைங்க முப்பது தடவ சொல்லும், தப்பா சொன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லும். சாப்பிடறதுக்கு முன்னாடி ஜக்குல தண்ணி எடுத்துட்டு வந்து எல்லார் கையிலயும் ஊத்துவாங்களே, ஒரு நாள் அந்த ஜக்க நீ வாங்கி ஊத்து.

தனியா இருக்கணும்னு தோணறது தப்பே இல்ல, ஆனா பகல்ல கதவ சாத்திட்டு படுத்தா அந்த ஊர்ல உடம்பு சரியில்லன்னோ கோபம்னோ நினைச்சுப்பாங்க. ஒரு மணி நேரம் படிக்கப் போறேன்னு சொல்லிட்டு போ, யாரும் தட்ட மாட்டாங்க. அப்புறம் மணி விஷயம். சுவாஹிலில மணிய சூரியன் உதிக்கறதுலேந்து எண்ணுவாங்க, காலைல ஏழு மணி அவங்களுக்கு ஒண்ணு, எட்டு மணி ரெண்டு. "ரெண்டு மணிக்கு வா"ன்னு சொன்னா மத்தியானம் போய் நிக்காத.

என் பொண்ணு கென்யால ககமேகா பக்கம் ட்ரெயினிங்ல இருக்கா. தினமும் ராத்திரி 9 மணிக்கு போன் பண்ணுவேன். மொதல்ல எடுத்துட்டு இருந்தா, இப்போ அப்புறம் பேசறேன்மான்னு வச்சுடறா. போன வாரம் அழுதா, எனக்கு ரெண்டு நாள் தூக்கம் இல்ல. சொந்தக்காரங்க வேற, போயும் போயும் ஆப்பிரிக்காவுக்கு அதுவும் சம்பளம் இல்லாம அனுப்பினீங்களான்னு கேக்கறாங்க. கூப்பிட்டுக்கலாமா? (நங்கநல்லூர்)

அம்மா, நமக்கு 9 மணின்னா அங்க சாயங்காலம் 6.30. நிலநடுக்கோட்டு ஊர், அந்த நேரத்துக்கு தான் பொழுது சாயும், கோழிய அடைக்கணும், தண்ணி எடுத்து வைக்கணும், அடுப்பு பத்த வைக்கணும், வீடே ஓடிட்டு இருக்கும், அவ மட்டும் மூலைல உக்காந்து தமிழ்ல பேசிட்டு இருந்தா அந்த வீட்டோட ஒட்டவே முடியாது. உங்க மேல பாசம் கொறஞ்சு போன கட் பண்ணல. ஞாயித்துக்கிழமை நம்ம டைம் அஞ்சு மணிக்கு பண்ணுங்க, அங்க 2.30, சர்ச்சுக்கு போயிட்டு வந்து சாப்பிட்டு எல்லாரும் ஓஞ்சு உக்காந்திருப்பாங்க. நடுவுல வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போடுங்க, அவளுக்கு நேரம் கிடைக்கறப்போ கேட்டுப்பா. வீட்டம்மாவுக்கு ஒரு வணக்கம் சொல்ல கேளுங்க, ரெண்டு பேரும் மொழி புரியாம பேசிக்கிட்டா கூட அந்த அம்மா உங்க பொண்ண இன்னும் நல்லா பாத்துப்பாங்க, இத நான் கண்ணால பாத்திருக்கேன்.

அழுதா "வந்துடு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. பிள்ளைங்க மனசு கனமா இருக்கறப்போ தான் நமக்கு போன் போடும், கொட்டித் தீத்துட்டு பத்து நிமிஷத்துல விளையாடப் போயிடும், நாம இங்க விடிய விடிய முழிச்சுட்டு இருப்போம். கேட்டுக்கோங்க, அப்புறம் இன்னிக்கு என்ன கத்துக்கிட்டேன்னு கேளுங்க. அதே நேரம் அவங்க ட்ரெயினிங் பொறுப்பாளர் நம்பர், நைரோபில இருக்கற இந்திய தூதரகத்தோட அவசர நம்பர் ரெண்டும் ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டுங்க, தூதரகத்துல பேர் பதிஞ்சாச்சான்னு அவகிட்ட ஒரு தடவ கேட்டுடுங்க.

சொந்தக்காரங்க விஷயத்துக்கு வரேன். சம்பளம் கிடையாது சரி, ஆனா ஒழுங்கான நிறுவனம்னா தங்க, சாப்பிட, மருத்துவத்துக்கு குடுப்பாங்க, அவ பிச்சை எடுக்கப் போகல. "போயும் போயும் ஆப்பிரிக்கா"ன்னு சொல்றவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க, அவங்க யாராவது அந்த கண்டத்துல கால் வச்சிருக்காங்களா? ககமேகா 1,500 மீட்டருக்கு மேல இருக்கற பச்சைப் பசேல்னு ஊரு, கிட்டத்தட்ட நம்ம ஏற்காடு உயரம், ராத்திரில ஸ்வெட்டர் வேணும். சென்னைக்கு படிக்க வர்ற ஆப்பிரிக்க பசங்கள பஸ்ல நாம எப்படி பாக்கறோம், பக்கத்து சீட் காலியா இருந்தும் நின்னுக்கிட்டே வர்றோமேன்னு நினைக்கறப்போ எனக்கு மனசு கொதிக்கும். உங்க பொண்ண அங்க ஒரு குடும்பம் தட்டு போட்டு பக்கத்துல உக்கார வச்சு சாப்பாடு போடுது. அத சொந்தக்காரங்ககிட்ட சொல்லுங்க. கூப்பிட்டுக்க வேண்டாம்.

மயிலாப்பூர். சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. அடுத்த மாசம் மேற்கு கென்யாவுக்கு கிளம்பறேன். அம்மா பத்து கிலோ பொடி, ஊறுகாய், அப்பளம்னு கட்டறாங்க. ஹோஸ்ட் வீட்டுல எப்படி சமாளிக்கறது?

தம்பி, நீ பயப்படற அளவுக்கு இல்ல. அங்க தினசரி சாப்பாட்டுல பாதி உனக்கு ஒத்து வரும். சுகுமா விகின்னு ஒரு கீரை, இலைய சுருட்டி வச்சு நூல் நூலா அரிஞ்சு வெங்காயம் தக்காளி போட்டு வதக்குவாங்க, தினமும் இருக்கும். பாசிப்பயற குழம்பா வச்சு ந்டெங்குன்னு சொல்வாங்க, அதுக்கு சப்பாத்தி தொட்டுக்கலாம், ஆமா சப்பாத்தி தான், அங்க அது இப்போ அவங்க சாப்பாடு. மக்காச்சோளமும் பீன்ஸும் சேத்து வேக வச்ச கிதேரி, தட்டப்பயறு இலைக் கீரை, அப்புறம் மாலான்னு புளிச்ச பால், ம்வேயான்னு அவங்க ஊர் அரிசி, அந்தச் சோறு கிடைச்சா தயிர் சாதமே ஆச்சு. டீ நம்ம மாதிரியே பால் ஊத்தி கொதிக்க வச்சது.

பிரச்சனை வேற இடத்துல வரும். கறி சாப்பிட மாட்டேன்னு சொன்னா துண்ட எடுத்துட்டு குழம்ப ஊத்துவாங்க, அவங்களுக்கு அது மரியாதை. அதுலயும் லூயா இனத்து வீட்டுல விருந்தாளிக்கு கோழி அடிக்கறது பெரிய கௌரவம், அடிச்சு சமைச்சு உன் முன்னாடி வச்சதுக்கப்புறம் வேண்டாம்னு சொன்னா அந்த அம்மாவுக்கு முகம் வாடிடும், ஒரு கோழி அந்த வீட்டுக்கு சின்ன விஷயமும் இல்ல. அதனால நீ போய் இறங்கறதுக்கு முன்னாடியே நிறுவனத்துகிட்ட சொல்லி குடும்பத்துக்கு தெரிவிச்சுடு, கோழி, மீன், முட்டை, கறி, கறி வெந்த தண்ணி எதுவும் கிடையாதுன்னு ஒவ்வொண்ணா சொல்லணும், சைவம்னு ஒரே வார்த்தைல சொன்னா புரியாது. உங்க குடும்ப வழக்கம்னு காரணம் சொல்லு, எல்லாருக்கும் புரியற காரணம் அது. விக்டோரியா ஏரியோட சின்ன மீன் ஒமேனாவ காய வச்சு சமைக்கறப்போ வாசனை தூக்கும், மூக்க மட்டும் பொத்தாத.

பத்து கிலோ வேண்டாம். பெருங்காயம், சாம்பார் பொடி, பருப்புப் பொடி, ஒரு பாட்டில் ஊறுகாய் போதும். தனியா ரூம்ல ஒளிச்சு வச்சு சாப்பிடாத, முதல் வாரமே ஒரு நாள் நீ சமைச்சு எல்லாருக்கும் போடு. விதை, பழம், செடி எதுவும் எடுத்துட்டு போகாத. பிளாஸ்டிக் கேரி பேக்க 2017 ஆகஸ்ட்லேந்தே கென்யால தடை பண்ணிட்டாங்க, ரொம்ப கறாரா இருப்பாங்க, ஊறுகாய கேரி பேக்ல சுத்தி பெட்டில வைக்காம மஞ்சப்பைல கட்டு. பிளக் பாயின்ட் அங்க சதுர மூணு பின், அடாப்டர் ரிச்சி ஸ்ட்ரீட்லயே வாங்கிடு.

வியாசர்பாடி. கிசுமு பக்கம் ட்ரெயினிங், ரெண்டாவது மாசம். ராத்திரி தூக்கம் இல்ல, தூங்கினா பயங்கர கனவு, காரணமே இல்லாம நெஞ்சு படபடங்குது. திரும்பி வந்துடலாமான்னு இருக்கு. ஆனா நான் கிளம்பறப்போ தெருவுல பேனர் வச்சு வழியனுப்பினாங்க, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?

தம்பி, பேனர தூக்கி ஓரமா வை. முதல் கேள்வி, மலேரியாவுக்கு என்ன மாத்திரை போடற? விக்டோரியா ஏரி பக்கம் மலேரியா ஜாஸ்தி, கண்டிப்பா எதாவது குடுத்திருப்பாங்க. வாரத்துக்கு ஒரு தடவ போடற மெஃப்ளோக்வினா இருந்தா, சில பேருக்கு அது தூக்கத்த கெடுக்கும், கெட்ட கனவு, பதட்டம், மனச்சோர்வு எல்லாம் வரும், 2013ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அதுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டுச்சு. நீயா மாத்திரைய நிறுத்தாத, அங்க வர்ற ஃபால்சிபாரம் மலேரியா உயிர எடுக்கற வகை. உங்க மருத்துவ அதிகாரிகிட்ட இன்னிக்கே போய் நீ எனக்கு எழுதினத அப்படியே சொல்லு, டாக்சிசைக்ளின், அட்டோவாகோன் ப்ரோகுவானில்னு மாத்து வழி இருக்கு, அவங்க பாத்து மாத்துவாங்க. ஊருக்கே திரும்பணும்னு தோணற மனசுல எவ்வளவு உன்னோடது, எவ்வளவு மாத்திரையோடதுன்னு தெரியாம முடிவு எடுக்காத.

மாத்திரை காரணம் இல்லன்னாலும் இது உனக்கு மட்டும் நடக்கறது இல்ல. 1955ல நார்வே ஆராய்ச்சியாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்கா போயிட்டு வந்த தன் நாட்டுக்காரங்கள கேட்டு, முதல்ல உற்சாகம், நடுவுல பள்ளம், அப்புறம் மேடுன்னு எழுதினார். 1960ல கலெர்வோ ஓபெர்க்னு மானுடவியல்காரர் கல்ச்சர் ஷாக், அதாவது புது ஊர் பழக்கத்துல வர்ற மனத் தடுமாற்றத்த பத்தி எழுதினது இன்னிக்கும் எல்லா ட்ரெயினிங்லயும் சொல்லிக்குடுக்கறாங்க. ஆனா பின்னாடி வந்த ஆய்வுகள் அந்த முதல் உற்சாகம் எல்லாருக்கும் வர்றது இல்லன்னு காட்டிச்சு, நிறைய பேருக்கு ஆரம்பமே தான் ரொம்ப கஷ்டம். அதனால மத்தவங்க சிரிக்கறாங்க நான் மட்டும் அழறேன்னு நினைக்காத.

இவ்வளவு சொல்லியும் உனக்கு திரும்பணும்னு தோணினா திரும்பலாம்பா. நடுவுல திரும்பறவங்களுக்கு ஒழுங்கான நிறுவனங்கள்ல தனி விதிமுறையே இருக்கும், டிக்கெட் யார் போடறாங்கன்னு கையெழுத்து போட்ட பேப்பர எடுத்து பாரு. நல்லா தூங்கி எழுந்த நாள்ல முடிவு பண்ணு, தூங்காத ராத்திரிக்கு மறுநாள் பண்ணாத. தங்கற வீட்டுல யாராவது தப்பா தொட்டாங்க, மிரட்டினாங்கன்னா மட்டும் எந்த யோசனையும் வேண்டாம், அன்னிக்கே வெளியேறணும். சாகலாம்னு எண்ணம் வந்தாலும் அப்படியே, அந்த நிமிஷமே பொறுப்பாளர எழுப்பு, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் எழுப்பு. இங்க இருக்கற உங்க வீட்டுக்காரங்களுக்கு மனசு தாங்கலன்னா 14416, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், தமிழ்ல பேசுவாங்க. பேனர் வச்சவங்க உன் பசங்க தானே, நீ நல்லபடியா வந்து நின்னா கட்டிப்பாங்க.

பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வளந்தவன். கிசுமு டவுன்ல ட்ரெயினிங். தெருவுல போனா பசங்க "முஹிண்டி"ன்னு கத்தறாங்க, மார்க்கெட்ல நான் கடை முதலாளி வீட்டுப் பையன்னு நினைச்சு விலை ஏத்தறாங்க. சேவை பண்ண வந்தவன இப்படி பாக்கறது வலிக்குது.

நீ ரயில்வே வீட்டுப் பையன்ங்கறதால உனக்கு இந்த கதை பிடிபடும். 1896லேந்து 1901 வரைக்கும் மொம்பாசாவுலேந்து இப்போ நீ இருக்கற கிசுமு வரைக்கும் பிரிட்டிஷ்காரங்க ரயில் பாதை போட்டாங்க, அதுக்கு இந்தியாவுலேந்து கிட்டத்தட்ட 32,000 கூலி ஆட்கள கொண்டு போனாங்க, ஏறக்குறைய 2,500 பேர் அங்கயே செத்தாங்க. பெரும்பாலானவங்க ஊருக்கு திரும்பிட்டாங்க, தங்கினவங்களும் பின்னாடி வந்த குஜராத்தி, பஞ்சாபி வியாபாரிங்களும் ஊர் ஊரா கடை போட்டாங்க. வெள்ளைக்காரன் ஆட்சில நிலம் பறிபோன ஆப்பிரிக்கர்களுக்கு கடைக்கு உள்பக்கம் நிக்கற முகம் இந்திய முகமா இருந்தது, அந்த நினைப்பு சட்டுன்னு போயிடாது. 2017ல கென்யா அரசே ஆசிய வம்சாவளிக்காரங்கள அந்த நாட்டோட 44வது சமூகமா ஏத்துக்கிச்சு, அதுவும் உண்மை.

முஹிண்டின்னா இந்தியர், அவ்வளவு தான், பசங்க கத்தறதுல பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்ல. நின்னு சுவாஹிலில வணக்கம் சொல்லி உன் பேர சொல்லு, அடுத்த வாரம் பேர சொல்லி கத்துவாங்க. மார்க்கெட்ல ஒரே கடைக்காரம்மாகிட்ட தொடர்ந்து வாங்கு, முதல் தடவ ஹோஸ்ட் அம்மாவ கூட்டிட்டு போ. சேவை பண்ண வந்திருக்கேன்னு யார்கிட்டயும் சொல்லாத தம்பி, அவங்க உன்ன கூப்பிடல, உன் வேலைய பாத்து அவங்களே சொல்லட்டும்.

பெசன்ட் நகர். எங்க வீட்டுல ஒரு ஜெர்மன் பொண்ணு தங்கியிருக்கா, 19 வயசு, அடையாறு ஸ்கூல்ல ஒரு வருஷம் வாலண்டியர். நாங்க ராணி மாதிரி பாத்துக்கறோம், ஆனா ஸ்கூல் விட்டு வந்ததும் கதவ சாத்திக்கறா. எங்க மேல என்ன கோபம்னு புரியல.

இந்த கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம் சார், மேல எழுதின கொளத்தூர் பொண்ணோட கதைய அப்படியே எதிர்ப்பக்கத்துலேந்து நீங்க பாக்கறீங்க. 1961லேந்து 1976 வரைக்கும் பீஸ் கோர் ஆட்கள் இந்தியாவுல வேலை பாத்தாங்க, இப்போ ஜெர்மனிலேந்து வெல்ட்வெர்ட்ஸ்னு அரசு திட்டத்துல, 2008லேந்து 18 முதல் 28 வயசு பசங்க வராங்க. நம்ம வீடுங்களும் ஹோஸ்ட் ஃபேமிலி தான்.

அவளுக்கு கோபம் இல்ல. நாள் முழுக்க புரியாத மொழி காதுல விழுந்தா சாயங்காலம் நெஜமாவே தலை வலிக்கும். அவ கத்துக்கறது எழுத்துத் தமிழ், வருகிறேன் போகிறேன்னு, நீங்க பேசறது வரேன் போறேன், அவளுக்கு ரெண்டும் ரெண்டு பாடம். அவங்க ஊர்ல கதவ சாத்தறது சாதாரணம், கோபத்துக்கு அடையாளம் இல்ல. ஒரு மணி நேரம் விடுங்க, சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு தட்டாதீங்க.

ராணி மாதிரி பாத்துக்கறதையும் கொஞ்சம் நிறுத்துங்க. ஒரு வேலையும் தராம உக்கார வச்சா அவ விருந்தாளியாவே இருப்பா, ஒரு வருஷம் யாரால விருந்தாளியா இருக்க முடியும்? பீன்ஸ் நறுக்க குடுங்க, மாவுக் கடைக்கு அனுப்புங்க, காலைல கோலத்துக்கு கூப்பிடுங்க. 29சி பஸ்ல தனியா மயிலாப்பூர் போயிட்டு வர விடுங்க, வழி தப்பினா கேட்டு வரட்டும், கண்டக்டர்கிட்ட பேசின தமிழ் அவளுக்கு மறக்காது. அவ தப்பா பேசறப்போ இங்கிலீஷுக்கு மாறாம நீங்க நிதானமா தமிழ்ல திருப்பி சொல்லுங்க.

வேளச்சேரி, காலேஜ் ஸ்டூடண்ட். ஒரு ஏஜென்சி கம்போடியால அநாதை இல்லத்துல மூணு வார வாலண்டியர் வேலைக்கு 1,60,000 ரூபா கேக்கறாங்க, சர்டிஃபிகேட் உண்டாம். போகலாமா?

போகாதம்மா. கம்போடியால இல்லங்கள்ல இருக்கற குழந்தைங்கள பத்தி ஆய்வு பண்ணினப்போ நாலுல மூணு பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருந்தாங்க. வெளிநாட்டுக்காரங்க காசோட வர்றதால தான் குழந்தைங்கள வீட்டுலேந்து பிரிச்சு கொண்டு வந்து நிரப்பற இல்லங்களும் உருவாச்சு, 2018ல ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறை சட்டம் கொண்டு வந்தப்போ இதையும் பேசினாங்க. மூணு வாரத்துக்கு ஒரு அக்கா வந்து தூக்கி கொஞ்சிட்டு போயிடறது, அடுத்த மூணு வாரத்துக்கு வேற அக்கா, அந்த குழந்தை மனசு என்ன ஆகும்னு யோசி. ஐக்கிய நாடுகள் சபையோட வாலண்டியர் அமைப்பு, யுஎன்வி, 1970ல ஆரம்பிச்சது, தலைமையகம் ஜெர்மனில பான் நகரம், விண்ணப்பத்துக்கு ஒரு பைசா வாங்கறது இல்ல, மாசாமாசம் வாழ்க்கைச் செலவுக்கு அவங்களே குடுப்பாங்க, 18லேந்து 26 வயசுக்காரங்களுக்கு தனிப் பிரிவும் இருக்கு. அதுக்கு முன்னாடி உன் தெருவுக்கு பக்கத்துல இருக்கற மாநகராட்சி ஸ்கூல்ல ஒரு வருஷம் சனிக்கிழமை தவறாம போய் பாடம் சொல்லிக்குடு, நேர்காணல்ல அந்த ஒரு வருஷத்துக்கு இருக்கற மதிப்பு இந்த சர்டிஃபிகேட்டுக்கு கிடையாது.

அம்பத்தூர். கென்யா போக மஞ்சள் காமாலை ஊசி போடணுமாமே, எங்க?

மஞ்சள் காமாலை வேற, இது மஞ்சள் காய்ச்சல், கொசுவால வர்றது. நம்ம நாட்டுல அந்த நோய் கிடையாது, ஆனா பரப்பற கொசு இருக்கு, அதனால கென்யாவுலேந்து திரும்பறவங்ககிட்ட ஏர்போர்ட்ல ஊசி போட்ட கார்டு கேப்பாங்க, இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சுடலாம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க, எந்த நாள்னு கேட்டுட்டு பாஸ்போர்ட்டோட போங்க. ஊசி போட்டு பத்து நாள் கழிச்சு தான் கார்டு செல்லும், கடைசி வாரத்துக்கு தள்ளாதீங்க. 2016லேந்து ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும். முட்டை அலர்ஜி இருந்தாலோ 60 வயசு தாண்டியிருந்தாலோ கர்ப்பமா இருந்தாலோ டாக்டர்கிட்ட முதல்ல சொல்லிடுங்க. திரும்பி வந்து சில மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, கென்யா போயிட்டு வந்தேன்னு சொல்லி அன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க, சென்னைல பெரும்பாலும் வைவாக்ஸ்ங்கற வகை மலேரியா தான், நீங்க சொல்லலன்னா டாக்டருக்கு அந்த உயிர எடுக்கற ஃபால்சிபாரம் தோணாம போகலாம்.